ஜென்டூவில் 32 பிட்டுக்கு இடம் கொடுத்த கதை

என் கணினியில் ஓடுவது 64 பிட் ஜென்டூ, பேக்கேஜ்களை நாமே மூல நிரலிலிருந்து கம்பைல் செய்துகொள்ளும் லினக்ஸ். என்னிடம் ஒரு பழைய லினக்ஸ் விளையாட்டு இருக்கிறது. 32 பிட் பைனரி (கம்பைல் செய்து முடித்த கோப்பு) மட்டும்தான், மூல நிரல் கிடையாது. உபுண்டுவாக இருந்தால் ஐ386 என்ற 32 பிட் கட்டமைப்பைச் சேர்த்து, வேண்டிய லைப்ரரிகளை ஆப்ட் கட்டளையால் இறக்கிவிடலாம். ஜென்டூவிலும் ஒரு காலத்தில் எமுல்-லினக்ஸ் என்று, ஏற்கெனவே கம்பைல் செய்த 32 பிட் லைப்ரரி மூட்டைகள் வந்தன. 2015-இல் அதற்கு விடை கொடுத்துவிட்டார்கள். இப்போது எந்த லைப்ரரி 32 பிட்டிலும் வேண்டுமோ, அதன் யூஸ் ஃப்ளாக்கில் (ஒரு பேக்கேஜை எந்த வசதிகளோடு கம்பைல் செய்வது என்று சொல்லும் அமைப்பில்) நாமே சொல்ல வேண்டும்.

முதலில் ப்ரொஃபைலை, அதாவது ஜென்டூவின் அடிப்படை அமைப்புத் தொகுப்பைப் பார்த்தேன். பெயரில் 'நோ-மல்டிலிப்' (64 பிட் மட்டும், 32 பிட்டுக்கு இடமில்லை) என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அதிலிருந்து மல்டிலிப்புக்குத் திரும்ப முறையான வழி இல்லை, மறுபடி நிறுவுவதுதான் நிம்மதி. என்னுடையது சாதாரண ப்ரொஃபைல். 32 பிட் நிரல்களை ஓடவிடும் ஐஏ32 எமுலேஷனும் கெர்னலில் இருந்தது.

அப்புறம் விளையாட்டின் பைனரி மேல், அதற்கு வேண்டிய லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளையை ஓட்டினேன். 'நாட் ஃபவுண்ட்' என்று வரிசையாக வந்தது: ஓபன்ஏஎல், எஸ்டிஎல், லிப்ஜிஎல். எது எந்தப் பேக்கேஜில் வருகிறது என்று ஈக்வெரி கட்டளை சொல்லிவிடும், 64 பிட் லைப்ரரி ஏற்கெனவே கணினியில் இருந்தால்.

எல்லாப் பேக்கேஜுக்கும் பொதுவான அமைப்புக் கோப்பான மேக்.கான்ஃபில் ஏபிஐ_எக்ஸ்86 என்பதற்கு '64 32' என்று ஒரே வரி போட்டால் முடிந்துவிடாதா? முடியும். ஆனால் 32 பிட்டை ஆதரிக்கும் ஒவ்வொரு பேக்கேஜும், ஒவ்வொரு அப்டேட்டிலும், இரண்டு தடவை கம்பைல் ஆகும். ஒரு விளையாட்டுக்காக அந்தத் தண்டனை எதற்கு?

அதனால், தனித்தனிப் பேக்கேஜுக்கு யூஸ் ஃப்ளாக் எழுதும் பேக்கேஜ்.யூஸ் அடைவில் இதற்கென்றே தனிக் கோப்பு திறந்தேன். மூன்று பேக்கேஜ்களை எழுதிவிட்டு நிறுவும் கட்டளையான எமெர்ஜ் கொடுத்தால், அவை சார்ந்தவற்றுக்கும் 32 வேண்டும் என்று நீளமாகப் பட்டியல் போட்டது. அதோடு ஆட்டோஅன்மாஸ்க்-ரைட் என்ற தெரிவைக் கொடுத்தால் அதுவே எழுதித் தரும், அமைப்புக் கோப்பு மாற்றங்களைக் காட்டும் டிஸ்பேட்ச்-கான்ஃபில் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அது எழுதும் ஒவ்வொரு வரிக்கு மேலும் 'ரிக்வயர்ட் பை' என்று ஒரு குறிப்பு இருக்கும்: இதைக் கேட்டது மெசா (கிராஃபிக்ஸ் பேக்கேஜ்), மெசாவைக் கேட்டது நீ. அந்தக் குறிப்புகளை நான் அழிப்பதில்லை. நாளைக்கு 'இந்த வரி எதற்கு?' என்று யோசிக்கும்போது பதில் அங்கேயே இருக்கும். பதிப்பு எண்களை மட்டும் எடுத்துவிடுவேன். இல்லாவிட்டால் ஒரே பேக்கேஜ் பல வரிகளில் சேர்ந்துகொண்டே போகும்.

நேரத்தைத் தின்றது எல்எல்விஎம் என்ற பெரிய கம்பைலர் தொகுப்பு. ஏஎம்டி கார்டு என்பதால் மெசா அதைக் கேட்டது, 32 பிட் மெசா 32 பிட் எல்எல்விஎம்மைக் கேட்டது. இரவில் ஓடவிட்டுப் படுத்துவிட்டேன்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. விளையாட்டு, ஜென்டூவின் பேக்கேஜ் நிர்வாகியான போர்ட்டேஜுக்கு வெளியே இருக்கிறது. வேறு எதுவும் ஓபன்ஏஎல்லைக் கேட்காவிட்டால், நாம் கேட்டு நிறுவியவற்றின் 'உலகப்' பட்டியலிலும் அது இல்லாவிட்டால், தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் டெப்க்ளீன் அடுத்த முறை அதை அனாதை என்று தூக்கிவிடும். போர்ட்டேஜ் அமைப்புகளுக்குள் உள்ள செட்ஸ் அடைவில் அந்த மூன்று பெயர்களையும் ஒரு செட்டாக எழுதி, அந்த செட்டையே எமெர்ஜ் செய்தேன். விளையாட்டு வேண்டாம் என்றால் செட்டைக் கழற்றி, பேக்கேஜ்.யூஸ் கோப்பை அழித்து, உலக அப்டேட்டும் டெப்க்ளீனும் ஓட்டினால் போதும்.

விண்டோஸ் விளையாட்டுக்காக மட்டும் இதையெல்லாம் செய்யப் போகிறவர்கள் முதலில், லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைனின் வவ்64 ஃப்ளாக்கை முயன்று பார்க்கலாம்; 32 பிட் லினக்ஸ் லைப்ரரிகள் இல்லாமலே பழைய விண்டோஸ் நிரல்கள் ஓடும், சில விளையாட்டுகள் கொஞ்சம் மெதுவாக ஓடலாம். லினக்ஸ் பைனரிக்கு அந்தக் குறுக்கு வழி இல்லை.