கணவாய்க்கு எத்தனை இதயம்?

விலங்கியல் பாடத்துக்கு இணையத்தில் பொருள் தேடப் போனால் முதல் இடறல் தமிழிலேயே வரும். "செவுள்" என்று தேடினால் தமிழ்நாட்டுப் பாடங்கள் வரும். எங்கள் இலங்கைப் பாடநூலில் அது "பூ". மீன் பூவா மல்லிகைப் பூவா என்று தேடுபொறிக்கு எப்படி விளங்கும்?

சொல் வேறென்றால் பிள்ளைகள் கேட்டுத் தெளிவார்கள். ஒரே சொல் இரண்டு பொருளில் வருவதுதான் வில்லங்கம். எங்களுக்கு இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்வது நாடி, இதயத்துக்குக் கொண்டுவருவது நாளம். அங்கே தமனி, சிரை. ஆனால் அங்கே "இரத்த நாளம்" என்றால் எல்லாக் குருதிக்கலன்களும் அடங்கும். தமிழ்நாட்டுக் காணொளி ஒன்றை விளக்கமில்லாமல் போட்டால், இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்வது நாளம் என்று விடைத்தாளில் எழுதுவார்கள், புள்ளி போகும். காட்டுமுன் கரும்பலகையில் இரண்டு நிரலாக ஏழெட்டுச் சொல் எழுதிவிடுங்கள்: கலம் – செல், இழையம் – திசு, சதையி – கணையம், முலையூட்டி – பாலூட்டி.

அடுத்தது உள்ளடக்கம். முழுத்தளத்தையும் வாசிக்கத் தேவையில்லை. விடை உறுதியாகத் தெரிந்த ஒரு விலங்கை எடுத்துச் சோதித்தால் போதும். எங்களுக்குக் கணவாய் வசதி. இதயம் மூன்று: ஒவ்வொரு பூவின் அடியிலும் ஒன்று, உடலுக்குக் குருதி அனுப்ப நடுவில் ஒன்று. சுற்றோட்டம் மூடியது, அதாவது குருதி கலன்களுக்குள்ளேயே ஓடும். நத்தை, சிப்பி, கணவாய் எல்லாம் அடங்கும் கணம் மொலஸ்கா. "மொலஸ்காக்களுக்குத் திறந்த சுற்றோட்டம்" என்று விதிவிலக்குச் சொல்லாமல் எழுதிய பக்கம் இங்கேயே விழுந்துவிடும்.

படத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. வழமையான வரைபடத்தில் ஒட்சிசன் ஏறிய குருதி சிவப்பு, இறங்கியது நீலம். கணவாயின் குருதியில் இருப்பது செப்பு கொண்ட ஈமோசயனின். ஒட்சிசன் ஏறினால்தான் அது நீலம், இறங்கினால் நிறமற்றது. ஆகப் படத்தின் நிறமும் உண்மையும் தலைகீழ். படம் பிழையில்லை, நிறம் வெறும் குறியீடு என்று ஆசிரியர் வாயால் சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்துப் பாசையூரில் அன்று வந்த கணவாய் ஒன்று வாங்கினால் படத்தையும் பொருளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நீரை வெளியே பீச்சும் குழாய் இருக்கும் பக்கம் மேலே தெரிய வைத்து, உடலைப் போர்த்தியிருக்கும் தசையுறையான மென்மூடியை நடுக்கோட்டில் வெட்டுங்கள். கத்தரிக்கோல் முனை மேல்நோக்கியே இருக்கட்டும். கீழே போனால் மைப்பை கிழிந்து எல்லாம் கறுத்துவிடும். ஐஸில் நாள்கணக்காகக் கிடந்தது வேண்டாம், உள்ளே குழைந்து இதயங்களைப் பிரித்தறிய ஏலாது.

கடலட்டையும் நல்ல சோதனை. பெயரில் அட்டை இருப்பதால் மண்புழு, அட்டை அடங்கும் அனெலிடாவில் சேர்த்த பக்கம் தள்ளுபடி, அது நட்சத்திரமீனின் கணமான எக்கைனோடேர்மேற்றா. இனப்பெயர் இன்றும் செல்லுமா என்று பார்க்கக் கடலுயிர்களுக்கு வோர்ம்ஸ் (WoRMS), மீனுக்கு பிஷ்பேஸ் (FishBase) என்ற தளங்கள். இனப்பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலம்தான், ஆனாலும் தேவையானது ஒரு வரி. பலரும் தாம் கண்ட உயிரினங்களின் படத்தைப் பதியும் தளமான ஐநச்சுரலிஸ்ற்றில் (iNaturalist) "ஆய்வுத் தரம்" என்ற முத்திரை, அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனதைத்தான் காட்டும். இரண்டே பேராகவும் இருக்கலாம். படத்தை எடுத்து வினாத்தாளில் போடுமுன் அதன் கீழுள்ள உரிமக் குறிப்பைப் பாருங்கள்.

பாடத்திட்டத்துக்குப் பொருந்துவது என்றால் தேசிய கல்வி நிறுவகத்தின் பிடிஎப்களும் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான ஈ-தக்சலாவவும்தான் முதலிடம். பழைய தமிழ்ப் பிடிஎப் பல யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. உள்ளே தேடினால் சொல் அகப்படாது, பிரதி எடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். யுனிகோட் மாற்றியில் போட்டு எடுக்கவேண்டும். எடுத்தபின் கொம்பு, கால் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருதரம் வாசியுங்கள்.

காணொளி ஒரு பாடவேளையில் 6 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல்நாளே தரவிறக்கி, முதல்முறை ஒலியை நிறுத்திவிட்டு ஓடவிடுங்கள். உறுப்புகளின் பெயரைப் பிள்ளைகள் தாங்களே சொல்லட்டும். இரண்டாம் முறை ஒலியோடு.