நான் தாண்டிச் சென்ற நிமிடங்கள்: மன அதிர்ச்சிக்குச் சிகிச்சை பெற்ற அனுபவம்

காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு அது உண்மைதான். பயங்கரமான நிகழ்வொன்றைச் சந்தித்தவர்களில் பெரும்பான்மையோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ, சிகிச்சை எதுவும் இல்லாமலேயே இயல்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. அண்ணன் ஓட்டிச் சென்ற கார் லாரியில் மோதி, அவர் இறந்து, அருகில் அமர்ந்திருந்த நான் மட்டும் பிழைத்த அந்த இரவுக்குப் பிறகு, நாள் போகப் போக என் உலகம் சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் முன் இருக்கையில் உட்காருவதை நிறுத்தினேன். பிறகு இரவுப் பயணத்தை. பிறகு அண்ணனின் நண்பர்களைச் சந்திப்பதை. இறுதியில் அவருடைய புகைப்படம் மாட்டியிருந்த அறைக்குள் நுழைவதையே நிறுத்தியிருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கோ ஒரு சுவர்க் கடிகாரத்தின் ஓசைகூடப் போதுமானதாக இருந்தது. அதைக் கேட்டால் ஏன் வியர்த்துக் கொட்டுகிறது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

சிகிச்சைக்குப் போனது தூக்கத்துக்காகத்தான். தூக்க மாத்திரை எழுதி வாங்கலாம் என்று சென்ற என்னிடம் மனநல மருத்துவர் விரிவாகப் பேசிவிட்டு, கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தார். அதில் 20 கேள்விகள். கடந்த ஒரு மாதத்தில் ஒவ்வொன்றும் எந்த அளவுக்குத் தொல்லை தந்தது என்று 0 முதல் 4 வரை மதிப்பெண் இட வேண்டும். விரும்பாமலேயே திரும்பத் திரும்ப வரும் நினைவுகள், நிகழ்வை நினைவூட்டுபவற்றை விலக்குதல், தன்னையும் உலகத்தையும் பற்றிய கசப்பான எண்ணங்கள், எந்நேரமும் விழிப்பாகவும் எரிச்சலாகவும் இருத்தல் என்னும் நான்கு வகைகளில் அந்தக் கேள்விகள் அமைந்திருந்தன. என் குணக்கேடு என்று நானும் வீட்டாரும் நினைத்திருந்தவை எல்லாம், யாரோ என்னை ஒளிந்திருந்து பார்த்து எழுதியதுபோல் அந்தத் தாளில் வரிசையாக இருந்தன. பிடிஎஸ்டி, அதாவது மன அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறு, எனப்படும் இந்த நிலையை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது 1980இல்தான் என்றும், அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் அந்தப் பெயரைப் பயன்படுத்துவார்கள் என்றும் அவர் விளக்கினார். தூக்க மாத்திரை கிடைக்கவில்லை. நரம்பைத் தளர்த்தி உடனடி நிம்மதி தரும் மருந்துகள் இந்த நோயைக் குணப்படுத்துவதில்லை, பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு என்று சொல்லி, மன அதிர்ச்சிக்கான சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவரிடம் அனுப்பிவைத்தார்.

போய் உட்கார்ந்தவுடன் அழவைப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். தொடக்கத்தில் விபத்தைப் பற்றிய பேச்சே அதிகம் இல்லை. என் உடம்பு ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் உளவியலாளர் முதலில் விளக்கினார். ஆபத்தை உணர்ந்து எச்சரிக்கும் மூளைப் பகுதியான அமிக்டலா, அந்த இரவோடு சேர்ந்திருந்த ஒலிகளையும் வெளிச்சங்களையும் ஆபத்தின் அடையாளங்களாகப் பதிந்துகொண்டுவிட்டது. அவற்றில் ஒன்று எதிர்ப்பட்டால், இது பழைய நிகழ்வு என்று அறிவு எடுத்துச் சொல்வதற்குள் உடம்பு ஓடத் தயாராகிவிடுகிறது. நான் விலகி ஓடும் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் நிம்மதி, 'நல்லவேளை, ஓடினாய்' என்று அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறது. இந்த ஒரு விளக்கத்திலேயே பாதி வெட்கம் போயிற்று என்று சொன்னால் மிகையில்லை.

பிறகு சிகிச்சை முறைகளைப் பற்றிச் சொல்லி, எது வேண்டும் என்று என்னையே யோசிக்கச் சொன்னார். எட்னா ஃபோவா வகுத்த முறையில் நினைவையும் நாம் விலக்கிவைத்த இடங்களையும் படிப்படியாக நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். இது பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள் வரை நடக்கும். பட்ரீசியா ரெசிக் வகுத்த முறையில், நிகழ்வுக்குப் பின் மனத்தில் இறுகிப்போன எண்ணங்களை எழுதி ஆராய்வார்கள்; அதற்கு வழக்கமாக 12 அமர்வுகள். ஃபிரான்சின் ஷபீரோ 1987இல் தொடங்கிய இஎம்டிஆர் முறையில், நினைவை மனத்தில் நிறுத்திக்கொண்டே, சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்களால் தொடர வேண்டும். மூன்றுக்குமே ஆய்வுகளின் ஆதரவு உண்டு என்றார். நான் முதல் முறையைத் தேர்ந்தேன். தேர்வு என்னுடையது என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்த இரவில் எதுவும் என் கையில் இருக்கவில்லை அல்லவா?

கண்களை மூடிக்கொண்டு, அந்த இரவை இப்போது நடப்பதுபோல், நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும்: 'போகிறோம்', 'அண்ணன் சிரிக்கிறார்' என்று. இடையிடையே அவர் "இப்போது எவ்வளவு?" என்று கேட்பார், நான் அந்த நேரத்துப் பதற்றத்தை 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும், அதே அமர்வில் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இதை அலைபேசியில் பதிவுசெய்து, வீட்டில் தினமும் ஒருமுறை கேட்க வேண்டும். தொடக்கத்தில் கெட்ட கனவுகள் கூடின, எரிச்சலும் கூடியது. இப்படி ஆகலாம் என்று முன்கூட்டியே அவர் சொல்லியிருக்காவிட்டால், சிகிச்சை என்னைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டி நின்றிருப்பேன். சிலர் இந்தக் கட்டத்தில் நின்றுவிடுவதும் உண்டு.

ஆனால் என் எண்கள் குறையவே இல்லை. அதற்கான காரணத்தை அவர்தான் கண்டுபிடித்தார். எத்தனை முறை சொன்னாலும் என் கதையில் "லாரியில் மோதுகிறோம், ஆட்கள் வந்து கதவை உடைக்கிறார்கள்" என்றே வந்துகொண்டிருந்தது. ஒருநாள் அவர் குரலை உயர்த்தாமல், "மோதியதற்கும் ஆட்கள் வந்ததற்கும் நடுவில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அன்று அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை. அடுத்த அமர்வில் அந்த இடத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொள்வோம் என்று சொல்லி, மூச்சு நிதானத்துக்கு வரும்வரை வேறு விஷயங்களைப் பேசிவிட்டு அனுப்பினார்.

நடுவில் இருந்தவை நீண்ட நிமிடங்கள். இஞ்சின் நின்றுவிட்டது. இண்டிகேட்டர் மட்டும் நிற்காமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது. அதன் பச்சை விளக்கு அணைந்து எரியும்போதெல்லாம் என் மடியில் சிதறிக்கிடக்கும் கண்ணாடித் துகள்கள் மின்னுகின்றன. என் கால்கள் சிக்கிக்கொண்டிருக்கின்றன. அண்ணனின் சட்டைக் கை என் பிடியில் இருக்கிறது. அதன் பொத்தான் உள்ளங்கையில் அழுத்துகிறது. இந்த நிமிடங்களை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இல்லை. சுவர்க் கடிகாரத்துக்கு நான் ஏன் வியர்த்தேன் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அவர் எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 'இப்படி நடந்திருக்குமோ' என்று சிகிச்சையாளர் ஊகித்துச் சொல்லத் தொடங்கினால், நடக்காதவையும் நினைவில் ஏறிவிடும். அவர் கேட்டதெல்லாம் "அடுத்து என்ன?", "என்ன கேட்கிறது?" என்பவை மட்டுமே.

அந்த நிமிடங்களுக்குள்தான் என் குற்ற உணர்ச்சியின் வேர் இருந்தது. நான் அண்ணனை அழைத்துக்கொண்டே இருந்திருந்தால் அவர் மயங்காமல் இருந்திருப்பார், பிழைத்தும் இருப்பார் என்று உள்ளுக்குள் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். ஆனால் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, தொண்டை வறண்டு குரல் எழும்பாமல் போகும்வரை நான் "அண்ணா, அண்ணா" என்று அழைத்துக்கொண்டே இருந்ததும், மோதிய கணத்திலிருந்து அவர் ஒருமுறைகூடப் பதில் தராததும் என் வாயாலேயே வெளிவந்தன. "நீங்கள் சொன்ன கதைக்கும் நீங்கள் எழுதிய தீர்ப்புக்கும் பொருத்தம் இருக்கிறதா?" என்று மட்டும் அவர் கேட்டார். வீட்டில் அதுவரை நான் தொடாமல் வைத்திருந்த மருத்துவ அறிக்கையை அந்த வாரம் எடுத்துப் படித்தேன். தலையில் பட்ட காயம் எத்தகையது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது; யார் அழைத்தும் அவர் எழுந்திருக்க முடியாது. 'உன்மேல் தப்பில்லை' என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் தலையாட்டினேனே தவிர நம்பியதில்லை. நடந்ததை முழுதாகப் பார்த்த பிறகுதான் நம்ப முடிந்தது.

எண்கள் அதன்பின் இறங்கத் தொடங்கின. ஒலிப்பதிவைக் கேட்கும்போது ஒரு கட்டத்தில் சலிப்புக்கூடத் தட்டியது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரோ நல்ல அறிகுறி என்றார்.

விலக்கிவைத்த இடங்களுக்குத் திரும்புவதும் உடன் நடந்தது. எளிதானதிலிருந்து கடினமானது வரை பட்டியல் போட்டோம்: நிறுத்தி வைத்த காரின் முன் இருக்கையில் அமர்வது, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு அந்த ஓசை சாதாரண ஓசையாகும்வரை கேட்டுக்கொண்டிருப்பது, பகலில் சிறிது தூரம் செல்வது, பின்பு இரவில் செல்வது. பதற்றம் இறங்கும் முன் இடத்தைவிட்டு எழக்கூடாது என்பதுதான் இதில் விதி. இந்தப் பகுதி நான் அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை.

நான் எதிர்பாராதது ஒன்று உண்டு. பயம் குறைந்த இடத்தில் துக்கம் வந்தது. அண்ணன் இறந்ததிலிருந்து நான் அந்த விபத்தை மட்டுமே சுமந்துகொண்டிருந்தேன். அவரைக் குறித்து அழவே இல்லை. அவரை நினைத்தாலே அந்த இரவு வந்து நிற்கும் என்பதால், அவரோடு வாழ்ந்த அத்தனை ஆண்டுகளையும் சேர்த்துப் பூட்டி வைத்திருந்தேன். சிகிச்சையின் பிற்பகுதியில், நன்றாகிக்கொண்டிருக்கிறேன் என்று எல்லோரும் மகிழ்ந்த நாட்களில், நான் மிகவும் அழுதேன். அது நோயின் அழுகை அல்ல என்பது எனக்கே தெரிந்தது. அவருடைய நண்பர்களை மீண்டும் சந்தித்து, அவர் செய்த குறும்புகளைப் பேசிச் சிரிக்க முடிந்ததும் அதற்குப் பிறகுதான்.

எல்லோருக்கும் இதே வழி பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. குழந்தைப் பருவத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கும், ஆபத்து இன்னும் முடியாத வீட்டில் வாழ்பவர்களுக்கும் பாதுகாப்பையும் நம்பிக்கையையும் உறுதிசெய்யவே நீண்ட காலம் தேவைப்படலாம். தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கு அதற்கான உதவி முதலில் வேண்டும். சிலருக்கு மருந்தும் சேர்த்துத் தரப்படுகிறது. இன்னொன்று: நிகழ்வு நடந்த உடனே பாதிக்கப்பட்டவர்களை உட்காரவைத்து 'எல்லாவற்றையும் கொட்டிவிடு' என்று பேசவைப்பது நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மருத்துவச் சிகிச்சைக்கான வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அப்படிச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. எனக்கு நடந்ததும் கொட்டித் தீர்த்தது அல்ல; எப்போது, எவ்வளவு, எங்கே நிறுத்துவது என்று அளந்து நடத்தப்பட்ட வேலை அது. ஆகவே சிகிச்சையாளரைத் தேடுபவர்கள், எந்த முறையில் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள், ஒரு அமர்வில் என்ன நடக்கும், பதற்றம் கட்டுமீறினால் என்ன செய்வீர்கள் என்று தயங்காமல் முதலிலேயே கேட்கலாம். நல்ல சிகிச்சையாளர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசி அமர்வில் அதே 20 கேள்விகளுக்கு மறுபடியும் மதிப்பெண் இட்டேன். தூக்கத்தைப் பற்றிய கேள்வியில் மட்டும் பழைய எண்ணுக்கு அருகிலேயே நின்றது. மற்றவை பெரிதும் இறங்கியிருந்தன. பழைய பழக்கம் தலைதூக்கினால் முதலில் எது தெரியும் என்று நாங்கள் சேர்ந்து எழுதிய தாளில், 'பின் இருக்கையைத் தேடுவேன்' என்பதுதான் முதல் வரி. அண்ணனின் நினைவு நாள் நெருங்கும் வாரங்களில் அது நடக்கத்தான் செய்கிறது. அப்போது வேண்டுமென்றே முன்னால் போய் உட்காருகிறேன், போதவில்லை என்று தோன்றினால் உளவியலாளரிடம் ஓர் அமர்வுக்கு நேரம் கேட்டுப் பெற்றுக்கொள்கிறேன்.