மூன்று வாட்டும் இரண்டாயிரம் வாட்டும்

சூரிச்சுக்கு வந்த முதற் குளிர்காலத்தில், 2004ஆம் ஆண்டின் கடைசியில், அறையைச் சூடாக்கும் கீற்றரின் திருகை ஐந்தாம் இலக்கத்தில் வைத்துவிட்டு, சமையல் மணம் போகட்டும் என்று குசினி யன்னலை நாள் முழுவதும் சரித்துத் திறந்து வைத்திருந்தோம். கட்டடத்தைக் கவனிக்கும் ஹவுஸ்வார்ட் ஒரு நாள் படியேறி வந்தார். திருகைப் பூச்சியத்துக்குத் திருப்பி, யன்னல்களை அகலத் திறந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் எங்களோடு குளிரில் நின்றார். பிறகு எல்லாவற்றையும் சாத்திவிட்டுச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அறைக்குள் புதுக்காற்று வந்திருந்தது. சுவரில் சூடு அப்படியே இருந்தது. அவர் பேசிய மொழி எனக்கு விளங்கவில்லை, செய்கை விளங்கியது. அந்த வருடத்து வெப்பச் செலவுக் கணக்கு தபாலில் வந்தபோது இன்னும் தெளிவாக விளங்கியது.

சிக்கனம் எனக்குப் புதிய பாடமல்ல. 1990ஆம் ஆண்டுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாமல் வாழ்ந்த வருடங்களில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சில் ஊறிய கொஞ்ச மண்ணெண்ணெயின் சுடரில் படித்தவன் நான். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி பாடும். அந்த டைனமோவின் வலு மூன்று வாட். அதனாலேயே, வசதி உள்ள ஒரு நாட்டில் மின்சாரத்தைக் குறைக்கச் சொல்லி மனிதர்கள் கூட்டம் போடுவது தொடக்கத்தில் எனக்கு வேடிக்கையாகவும், உண்மையைச் சொன்னால், சற்று எரிச்சலாகவும் இருந்தது.

2008 நவம்பர் 30ஆம் திகதி சூரிச் நகர மக்கள், இரண்டாயிரம் வாட் சமூகம் என்ற இலக்கை நகரின் அடிப்படைச் சட்டத்தில் எழுதுவதற்கு 76.4 சதவீத ஆதரவு அளித்தார்கள். கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வட்டாரத்தில் 1998இல் உருவான கருத்து அது. ஒரு மனிதருக்கான வெப்பம், பயணம், அவர் வாங்கும் பொருளை ஆக்கச் செலவான சக்தி எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் இரண்டாயிரம் வாட்டைத் தாண்டக்கூடாது; நூறு வாட் குமிழ்கள் இருபதை இரவும் பகலும் எரிப்பதற்குச் சமம் அது. சுவிஸ்வாசிகள் அப்போது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாகச் செலவழித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த முறை வாக்குரிமை இருக்கவில்லை. இருபது குமிழ்களைப் பற்றி யோசித்தபோது சிரிப்புத்தான் வந்தது: யாழ்ப்பாணத்தில் எங்கள் முழு வீட்டுக்கும் அந்த வருடங்களில் ஒரு குமிழ்கூட எரியவில்லையே!

சிரிப்பை நிறுத்தியவள் மகள். 2019 செப்டெம்பர் 28ஆம் திகதி பேர்ண் நகரில் நடந்த பெரும் காலநிலை ஊர்வலத்துக்கு அட்டையொன்றை எழுதிக்கொண்டு போனவள், திரும்பி வந்து, எங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டாள். மின்குமிழ், குளிர்பெட்டி, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் எல்லாவற்றிலும் நாங்கள் அயலவரைவிடக் குறைவு. கொழும்புக்குப் போய்வரும் விமானத்தை எழுதியதும் கணக்குத் தலைகீழானது. நகரம் ஒருவருக்கு வருடத்துக்கு ஒரு தொன் கரியமிலவாயு என்று இலக்கு வைத்திருக்க, அந்த ஒரே பயணம் அதைத் தாண்டியது. ஊரில் படுக்கையில் கிடக்கும் தாயை எந்தப் பத்தியில் எழுதுவது என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. பேனையை மூடி வைத்தாள். அந்த மௌனத்தை இன்றும் நான் மதிக்கிறேன். இந்த இயக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் பிறரைக் குற்றம் சொல்ல அலைகிறவர்கள் என்ற என் எண்ணம் அன்று கலைந்தது.

2022இல் குடியுரிமையுடன் முதன்முறை வாக்களித்தவற்றில் ஒன்று, 2040க்குள் நகரின் பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்தை நிகரப் பூச்சியமாக்கும், அதாவது வெளியேறும் அளவும் திரும்ப அகற்றப்படும் அளவும் சமமாகும்படி செய்யும் யோசனை. மே 15ஆம் திகதி ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அதற்கு ஆம் சொன்னார்கள், நானும் சொன்னேன். அந்த வருடம், எரிவாயுத் தட்டுப்பாட்டுப் பயத்தின் நடுவே, எரிசக்திக்குப் பொறுப்பான அமைச்சர் சிமொனெத்தா சொமருகா சக்தியை மிச்சம் பிடிக்கச் சேர்ந்து குளிக்கலாம் என்று சொல்லப்போய் நாடு முழுவதும் பகடியானது தனிக்கதை.

அடுத்த வருடம் வீட்டு நிர்வாகத்திடமிருந்து பதிவுத்தபால் வந்தது. கட்டடத்தின் சூடு வெளியே போகாமலிருக்க வெளிச்சுவர்க் காப்பு போட்டு, எண்ணெய்க் கொதிகலனை அகற்றி, வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுக்கும் வெப்பப் பம்பு பொருத்தப் போகிறார்களாம். எல்லா வாடகைக் குடும்பங்களும் வெளியேற வேண்டுமாம். திருத்தம் முடிந்த பின் வாடகை எங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. சூரிச்சில் இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல; சுவர் தடிக்கும்போது குடியிருந்தவர் மாறிப்போவது இங்கே பழகிய செய்தி. காப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதைக் கூட்டங்களில் இப்போது எழுந்து நின்று கேட்கிறேன்.

ஏழு பெட்டிகளும் ஒரு சைக்கிளுமாக நகருக்கு வெளியே, 1960களில் கட்டிய ஒரு தொடர்மாடிக்கு வந்து சேர்ந்தோம். நிலக்கீழ் அறையில் எண்ணெய்க் கொதிகலன் உறுமுகிறது. முதல் நாள் கீற்றரின் திருகைப் பூச்சியத்துக்குத் திருப்பி, யன்னல்களை அகலத் திறந்து, மகளின் கைக்கடிகாரத்தில் ஐந்து நிமிடம் பார்த்தோம். சாத்திவிட்டுத் தொட்டபோது அந்தச் சுவர் ஏற்கெனவே குளிர்ந்திருந்தது.