சாட்சிக் கூண்டில் ஏறும் புள்ளியியலாளர்களுக்கு

மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் நிபுணர் சாட்சியம் சொல்லப் போகிறவர்கள் குறுக்கு விசாரணையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அதைவிட, நம்மைக் கூப்பிட்ட வக்கீலிடம் கூடுதல் கவனம் வேண்டும். எண்ணை அதன் பலத்துக்கு மேல் இழுக்கச் சொல்பவர் அவர்தான்.

சிதைந்த மாதிரியில் கிடைத்த அரைகுறை டி.என்.ஏ. அடையாளம் பத்து லட்சத்தில் ஒருவருக்குப் பொருந்தும் என்று வையுங்கள். "அப்படியானால் இவர் குற்றவாளி இல்லை என்பதற்குப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதானே?" என்பார். இல்லை. 2011 கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30.38 லட்சம். தற்செயலாகவே அதில் சுமார் மூன்று பேருக்கு அது பொருந்தும். வேறு ஆதாரம் இல்லாமல், மாவட்டத்தில் யாராகவும் இருக்கலாம் என்ற நிலையில், அந்தத் தடயம் இவருடையது என்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கும் ஊராக இருந்தால், உறவினருக்குப் பொருந்தும் வாய்ப்பைத் தனியே கணக்கிட வேண்டும்.

இங்கிலாந்தில் தன் இரண்டு குழந்தைகளைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட சாலி கிளார்க் என்ற தாயின் வழக்கில் நடந்ததை மறக்கக் கூடாது. ஒரு குழந்தையின் திடீர் மரணத்துக்கு 8,543-இல் ஒன்று என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கி, இரண்டு மரணங்களுக்கு 7.3 கோடியில் ஒன்று என்று ஒரு குழந்தை மருத்துவர் சாட்சி சொன்னார். ஒரே வீட்டில் நடந்த மரணங்களை ஒன்றோடொன்று தொடர்பில்லாதவையாக எடுத்துப் பெருக்கியது பிழை. 1999-இல் தண்டிக்கப்பட்ட அந்தத் தாய் 2003-இல்தான் விடுதலையானார்.

கிடங்கு மூட்டைகளில் சிலவற்றை மட்டும் மாதிரியாக எடுத்துச் சோதித்த வழக்குகளில் கேள்வி வேறு: "20,000 மூட்டையில் 400-ஐத்தானே பார்த்தீர்கள்?" 400 போதும். அதில் 40 கெட்டிருந்தால் 10 சதவீதம். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (இதே முறையில் நூறு தடவை மாதிரி எடுத்தால் சுமார் 95 தடவை உண்மையான சதவீதத்தை உள்ளடக்கும் வீச்சு) ஏறத்தாழ 7 முதல் 13. மொத்தத்தில் 1,400 முதல் 2,600 மூட்டை. உண்மையான பலவீனம் எண்ணிக்கையில் இல்லை, எடுத்த விதத்தில் இருக்கிறது. கிடங்கில் கைக்கு எட்டிய வெளி அடுக்கிலேயே எடுத்திருந்தால், ஈரம் பட்ட மூட்டைகள் அதிகம் சிக்கியிருக்கலாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுதும் ஒரே சீராக வெந்தால் மட்டும். அதனால் அடுக்குகளுக்கு எண் கொடுத்து, சமவாய்ப்பு எண்களால் தேர்ந்த பட்டியலை அறிக்கையோடு இணையுங்கள்.

பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதிநியம் 39-ஆம் பிரிவில் வருவது நிபுணரின் கருத்து மட்டுமே, முடிவு நீதிபதியுடையது. "ஆமா, இல்லையா?" என்று நெருக்கினால், "ஐயா, இடைவெளியோடுதான் சொல்ல முடியும்" என்று நீதிபதியைப் பார்த்துச் சொல்லுங்கள். மில்லியன் வேண்டாம், லட்சமும் கோடியும் போதும். நீங்கள் சொல்வதை நீதிபதி சுருக்கிச் சொல்ல, தட்டச்சாகும்போது "7 முதல் 13" என்பது "13" ஆகிவிடலாம். வரி வரியாகப் படித்து, திருத்தம் கேட்டு வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.