ஒரு ஜாடி, இரண்டு ஷாட்: திரைப்படப் பகுப்பாய்வுத் தாளுக்கு நான் படித்த விதம்

முதுகலை முதல் பருவத்தில் திரைப்படப் பகுப்பாய்வுத் தேர்வு எங்களுக்கு இப்படி இருந்தது. நான்கு நிமிடக் காட்சி ஒன்றை மூன்று முறை திரையிடுவார்கள். அப்புறம் விளக்கைப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் எழுதச் சொல்வார்கள். அன்று வந்தது டி சிக்காவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தில் வரும் உணவகக் காட்சி. எனக்கு நன்றாகத் தெரிந்த படம். போருக்குப் பிந்தைய இத்தாலி, வேலையின்மை, நியோரியலிசம் (சாதாரண மக்களின் வாழ்க்கையை நிஜ இடங்களில் படமாக்கிய அன்றைய இத்தாலியப் பாணி), தொழில்முறை நடிகர்கள் இல்லாத படம், அப்பா மகன் பாசம் என்று ஆறு பக்கம் எழுதினேன். 25க்கு 9 கிடைத்தது. விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியர் ஒரே கேள்வி எழுதியிருந்தார்: 'இந்தக் காட்சியைப் பார்க்காமல் எழுதியிருக்கவே முடியாத வரி இதில் எது?'

திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அப்படி ஒரு வரிகூட இல்லை. காட்சியில் சிறுவன் ப்ரூனோ சாப்பிட்டுக்கொண்டே அடுத்த மேசையைத் திரும்பிப் பார்க்கிறான். அங்கே ஒரு பணக்காரப் பையன் கத்தியும் முள்கரண்டியுமாகப் பழகிய கையோடு சாப்பிடுகிறான். அவனும் திரும்பி இவனைப் பார்க்கிறான். ப்ரூனோவுக்குக் கத்தியும் கரண்டியும் கைக்கு வரவில்லை. வர்க்க வித்தியாசம் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இரண்டு குழந்தைகளின் பார்வையை மாற்றி மாற்றி வெட்டிக் காட்டுவதிலேயே அது முழுக்க வந்துவிடுகிறது. மூன்று முறை திரையில் ஓடியும் நான் இதை எழுதவில்லை, ஏனென்றால் நான் பார்க்கவில்லை. என் தலையில் இருந்த குறிப்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரைப்பட ஆய்வு படிப்பவர்களும் திரைப்படக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் என்னிடம் முதலில் கேட்பது 'எந்தக் கோட்பாட்டில் ஆரம்பிக்கலாம்?' என்பதுதான். கோட்பாட்டில் ஆரம்பிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஷாட் பட்டியலில் ஆரம்பியுங்கள். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே இடைவிடாமல் ஓடும் படத்துண்டுதான் ஷாட்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிப் பக்கத்துக்கு ஐந்து பத்தி கோடு போட்டேன். ஷாட் எண், எத்தனை விநாடி, சட்டகத்துக்குள் (திரையில் தெரியும் எல்லைக்குள்) யார் எங்கே இருக்கிறார்கள், கேமரா என்ன செய்கிறது, காதில் என்ன விழுகிறது. மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எழுதி முடிக்க முதல் நாள் இரவு முழுக்க ஆனது. ஒரு மாதம் கழித்து ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஒரு தடவை ஒலியை முழுக்க நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். இன்னொரு தடவை திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்க மட்டும் செய்வேன். இரண்டாவது பயிற்சியைப் பலர் செய்வதில்லை. ஒலி பற்றி நல்ல பத்தி ஒன்று எழுதுகிறவர்கள் குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தப் பழக்கம் எனக்கு என்ன கொடுத்தது என்பதற்கு ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'லேட் ஸ்ப்ரிங்', 1949. மனைவியை இழந்த தந்தையும் கல்யாணம் செய்துகொள்ளாமல் அவரைப் பார்த்துக்கொள்ளும் மகள் நொரிகோவும் கியோட்டோவுக்குக் கடைசியாகச் சேர்ந்து பயணம் போகிறார்கள். விடுதி அறையில் இரவு. விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் படுத்திருக்கிறார்கள். மகள் மனதில் இருப்பதைச் சொல்ல ஆரம்பிக்கிறாள். திரும்பிப் பார்த்தால் அப்பா தூங்கிவிட்டார். அவள் கூரையைப் பார்த்து மெல்லப் புன்னகைக்கிறாள். கட். அறையின் மூலையில் ஒரு ஜாடி, பின்னால் காகித ஜன்னலில் மூங்கில் நிழல். கட். மறுபடியும் நொரிகோ. இப்போது புன்னகை இல்லை, அழுகைக்குப் பக்கத்தில் இருக்கிறாள். கட். அதே ஜாடி.

முதல் தடவை பார்த்தபோது ஜாடி ஒருமுறைதான் வருகிறது என்று நினைத்திருந்தேன். வகுப்பிலும் அப்படியே பேசினேன். பட்டியல் எழுதும்போதுதான் இரண்டு முறை வருவது தெரிந்தது. என் கைபேசிக் கடிகாரத்தில் முதலாவது சுமார் 6 விநாடி, இரண்டாவது சுமார் 10 விநாடி. இந்த ஒரு திருத்தம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. ஒருமுறை மட்டும் வந்தால், புன்னகைக்கும் கண்ணீருக்கும் நடுவே ஒரு பாலம் என்று சொல்லி முடித்துவிடலாம். இரண்டாவது முறை, அதுவும் இன்னும் நீளமாக ஏன் வருகிறது? கண்ணீர் வரப்போகும் நேரத்தில் ஓசு நம்மை ஏன் அவள் முகத்திலிருந்து விலக்கி, அழுவதற்கு அவளைத் தனியே விடுகிறார்?

இங்கே வந்து நின்ற பிறகுதான் கோட்பாடு எனக்குத் தேவைப்பட்டது. இந்த ஜாடி பற்றிப் பெரிய ஆட்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். அமெரிக்க விமர்சகர் (பின்னாளில் இயக்குநர்) பால் ஷ்ரேடர் 1972இல் வந்த தன் நூலில், முரண்பட்ட உணர்ச்சிகளைத் தனக்குள் வாங்கி நிலைக்க வைக்கும் அசைவின்மை என்று இதை வாசித்தார். அவருக்கு இது ஆன்மிகத்தின் பக்கம் போகும் ஒரு பாணி. 1985இல் பிரெஞ்சுத் தத்துவவாதி ஜில் தெலூஸ் இதைக் காலத்தின் நேரடிப் பிம்பம் என்றார். முகம் மாறுகிறது, ஜாடி மாறாமல் நீடிக்கிறது, அந்த நீடிப்பில் காலமே கண்ணுக்குத் தெரிகிறது என்பது அவர் வாதம். அமெரிக்கத் திரைப்பட ஆய்வாளர் கிறிஸ்டின் தாம்சன் ஷ்ரேடருடையதைப் போன்ற வாசிப்புகளை மறுத்தார். ஜாடிக்குத் தனிப்பட்ட அர்த்தம் எதுவும் இல்லை, அந்த இடத்தில் வேறு ஒரு பொருளும் இருந்திருக்கலாம், கதையின் ஓட்டத்தை ஒரு கணம் தடுப்பதுதான் அந்த ஷாட்டின் வேலை என்றார்.

மூன்றையும் ஒரே விடையில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் எது சரி என்று நீங்களும் ஒரு பக்கம் நிற்க வேண்டும். நான் தாம்சனுக்குப் பக்கத்தில் நிற்கிறேன், முழுக்க இல்லை. கதையைத் தடுப்பது மட்டும்தான் வேலை என்றால் ஒரு தடவை போதும். இரண்டாவது தடவை அதே பொருளுக்குத் திரும்புவதில், அவளுடைய அந்தரங்கத்துக்குக் கொடுக்கும் மரியாதை ஒன்று இருக்கிறது. இதை எந்த நூலிலிருந்தும் எடுக்கவில்லை, என் நோட்டின் இரண்டு வரிசைகளிலிருந்து எடுத்தேன்.

உலக சினிமா எழுதும்போது வரும் ஒரு பெரிய தவறையும் ஓசுவிடம்தான் கற்றேன். தாழ்ந்த கேமராவைப் பார்த்தவுடன் 'தத்தாமிப் பாயில் உட்கார்ந்திருக்கும் ஜப்பானியரின் பார்வை' என்று எழுதிவிடுவோம். திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் இதை எதிர்த்து வாதாடினார். தெருவிலும் அலுவலகத்திலும்கூட ஓசு கேமராவைத் தாழ்த்தித்தான் வைக்கிறார், எதைப் படமாக்குகிறாரோ அதைவிடத் தாழ்வாக வைக்கிறார், அப்படியிருக்க யாருடைய பார்வை அது? ஜப்பானில் அதே காலத்தில் படமெடுத்த மிசோகுச்சியும் குரோசவாவும் இப்படி எடுக்கவில்லை. ஒரு நாட்டின் பண்பாட்டைச் சொல்லி ஒரு இயக்குநரின் தேர்வை விளக்கிவிட்டால் பகுப்பாய்வு அங்கேயே நின்றுவிடும். ஈரானியப் படம் என்றால் கவிதை, ஆப்பிரிக்கப் படம் என்றால் வாய்மொழி மரபு என்று எழுதும் பழக்கமும் இதுதான். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

மற்ற கோட்பாடுகளையும் இதே மாதிரி ஒவ்வொரு காட்சியோடு கட்டி வைத்துப் படித்தேன். படத்தொகுப்புக் கோட்பாடு எழுதிய சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் என்றால் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' (1925) படத்தின் ஒடெசா படிக்கட்டு. படையினர் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள், படிகள் தீர்வதே இல்லை. படத்தொகுப்பு காலத்தை நீட்டுகிறது என்பதை விநாடிக் கணக்கோடு காட்ட அதைவிட நல்ல இடம் இல்லை. திரையில் ஆண் பார்க்கிறான், பெண் பார்க்கப்படுகிறாள் என்று வாதிடும் லாரா மல்வியின் 1975ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு, அவரே பேசும் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வை எடுத்தேன். நாயகன் ஸ்காட்டி ஒரு பெண்ணைப் பின்தொடரும் பகுதியில் யார் பார்க்கிறார், யார் பார்க்கப்படுகிறார் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள், கட்டுரையின் பாதி புரிந்துவிடும். அர்ஜென்டினா இயக்குநர்கள் சோலனாஸும் கெத்தினோவும் 1969இல் எழுதிய மூன்றாம் சினிமா அறிக்கையை (ஹாலிவுட் பாணிக்கும் தனி இயக்குநரின் கலைப் படத்துக்கும் மாற்றாக அரசியல் சினிமா கேட்டது)க் காட்சியோடு மட்டும் பிடிக்க முடியாது. படத்தை எங்கே, யார் கூடிப் பார்த்தார்கள், நடுவில் நிறுத்தி என்ன விவாதித்தார்கள் என்பதும் அதில் அடக்கம்.

பிரெஞ்சு விமர்சகர் ஆந்திரே பாஸானிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். 'சிட்டிசன் கேன்' (1941) படத்தில் நாயகனின் மனைவி சூசன் தற்கொலைக்கு முயலும் ஷாட்டை அவர் கொண்டாடினார். முன்னால் கண்ணாடிக் குவளையும் மருந்துப் புட்டியும், நடுவில் இருட்டில் அவள், பின்னால் தட்டப்படும் கதவு, எல்லாம் ஒரே சட்டகத்தில். வெட்டாமல் வைத்ததால் எதைப் பார்ப்பது என்ற சுதந்திரம் பார்வையாளருக்கு வருகிறது என்பது அவர் நிலை. ஆனால் அந்த ஷாட், ஒரே ஃபிலிமை முன்பகுதிக்கு ஒருமுறை, பின்பகுதிக்கு ஒருமுறை என்று தனித்தனியே பதிவுசெய்து உண்டாக்கியது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பாஸானின் வாதம் இதனால் விழுந்துவிட்டதா? கேமரா எதார்த்தத்தை அப்படியே பதிவுசெய்கிறது என்ற பகுதி ஆட்டம் காண்கிறது. பார்வையாளரின் கண்ணுக்குக் கிடைக்கும் சுதந்திரம் பற்றிய பகுதி அப்படியே நிற்கிறது. இரண்டையும் பிரித்து எழுதினால் அது நல்ல விடை.

குலெஷோவ் பரிசோதனை பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரே முகத்தை வேறு வேறு படங்களோடு ஒட்டினால் பார்வையாளர் அந்த முகத்தில் வேறு வேறு உணர்ச்சிகளைப் பார்க்கிறார் என்று காட்ட சோவியத் இயக்குநர் குலெஷோவ் செய்தது அது. நடிகர் மொசூகினின் ஒரே முகம், சூப் கிண்ணம், சவப்பெட்டி என்று எல்லோரும் நேரில் பார்த்த மாதிரி எழுதுகிறார்கள். அந்தப் படச்சுருள் இன்று இல்லை. அவரிடம் பயின்ற இயக்குநர் புதோவ்கின் போன்றவர்கள் பின்னர் எழுதிய விவரணைகள்தான் நமக்கு மிச்சம், அவையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. 'புதோவ்கின் விவரித்தபடி' என்று எழுதுங்கள்.

தேர்வறைக்கு வருவோம். காட்சியை மூன்று முறை காட்டினால், முதல் முறை பேனாவைத் தொடாமல் பாருங்கள். இரண்டாவது முறை ஷாட்களை எண்ணுங்கள், எங்கே ஒழுங்கு உடைகிறது என்று மட்டும் குறியுங்கள். நிலையாக இருந்த கேமரா திடீரென நகரும் இடம், நீளமான ஷாட்களுக்கு நடுவே வரும் சிறியது, இசை நிற்கும் இடம். மூன்றாவது முறை ஒலிக்கு. எழுத ஆரம்பிக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த உடைப்பைப் பற்றி ஒரு கேள்வி எழுதிக்கொள்ளுங்கள். விடை முழுவதும் அந்தக் கேள்விக்குத்தான். கதைச் சுருக்கத்துக்கு நான்கு வரிக்கு மேல் வேண்டாம், திருத்துகிறவர் படம் பார்த்தவர்தான். தமிழில் எழுதுகிறவர்கள் ஷாட், கட், க்ளோசப் என்பதை அப்படியே எழுதலாம். ஆனால் ஒரு சொல்லைப் பிடித்தால் கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். 'சட்டகம்' என்று ஆரம்பித்துவிட்டு அடுத்த பக்கத்தில் 'பிரேம்', அதற்கடுத்து 'காட்சித்துண்டு' என்று போனால் படிக்கிறவர் மூன்றும் வேறு வேறு என்று நினைப்பார்.

இரண்டாம் பருவத் தேர்வில் எனக்கு முன்பின் தெரியாத ஒரு படம் வந்தது. இயக்குநர் பெயர்கூட அறிவிக்கவில்லை. சமையலறையில் ஒரு பெண் தட்டு கழுவுகிறாள், கேமரா அவள் முதுகுக்குப் பின்னால் அசையாமல் இருக்கிறது. நான் எழுதிய முதல் வரி: 'ஒன்பதாவது ஷாட் வரை இந்தப் பெண்ணின் முகம் நமக்குக் காட்டப்படவில்லை.'