பீரோ சாவி யாரிடம் என்று கேட்டார்கள்

போன வாரம்தான் அப்பாவின் துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பித்துக் கைக்கு வந்தது. காலாவதியாக ஒன்பது நாள்தான் பாக்கி இருந்தது. நாலரை மாதம் முன்பே விண்ணப்பம் போட்டும் இந்த நிலை. அந்த ஒன்பது நாளும் போயிருந்தால், முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் இருக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியை நாங்களே கொண்டுபோய் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்திருக்க வேண்டும். தப்பு பாதி எங்கள் மேல், பாதி ஆபீஸ் மேல். எங்கள் பாதியைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன். அதுதான் உங்கள் வீட்டிலும் நடக்கக்கூடியது.

எங்கள் தோட்டம் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது. மேலே மாவும் இலவமும், கீழ்ப்பாகத்தில் வாழை. வாழை போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பயிர்ப் பாதுகாப்புக்காக அப்பா 1989ல் வாங்கியது இந்த 12 போர் (குழல் அளவு) துப்பாக்கி. வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். பன்றியைக் குறிபார்த்தால் வனத்துறைக் கேஸ் ஆகிவிடும், அதை அப்பா ஒருநாளும் செய்ததில்லை.

முன்பெல்லாம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2019 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி ஐந்து வருஷம் ஆக்கினார்கள். 2020ல் புதுப்பித்ததற்கு இப்போதுதான் தவணை வந்தது. ஆன்லைனில் ஏ-3 என்ற புதுப்பித்தல் படிவம், போட்டோ, கட்டணம், அரசு டாக்டரிடம் எஸ்-3 மருத்துவச் சான்று எல்லாம் பத்து நாளில் முடிந்தன. 2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கிய ரசீதைக்கூட அப்பா பத்திரமாக வைத்திருந்தார். எஸ்-2 என்று ஒரு உறுதிமொழித் தாள் இருக்கிறது. துப்பாக்கியையும் தோட்டாவையும் பாதுகாப்பாக வைத்திருப்பேன் என்று லைசென்ஸ்தாரர் எழுதிக் கொடுப்பது. அதைப் பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் நீட்டினேன், அவர் கையெழுத்துப் போட்டார். நானும் படிக்கவில்லை, அவரும் படிக்கவில்லை.

விசாரணைக்கு எஸ்.ஐ. வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம், கட்டிலில்தான் இருந்தார். "துப்பாக்கி எங்க இருக்கு, பாக்கலாமா?" என்று எஸ்.ஐ. கேட்டதும் அம்மா எழுந்தார். இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்தார், பீரோவைத் திறந்தார், பட்டுச்சேலைகளை ஒதுக்கினார், பின்னாலிருந்து கான்வாஸ் உறையை இழுத்து எஸ்.ஐ. கையில் கொடுத்தார். கீழ்த்தட்டில் நகைப் பெட்டி, அதை ஒட்டித் தோட்டா அட்டைப்பெட்டி. மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஏம்மா, இந்தச் சாவி எப்பவும் உங்ககிட்டதானா?"

"ஆமா சார், கல்யாணம் ஆனதுலருந்து எங்கிட்டதான். ஒருத்தர்கிட்ட குடுக்க மாட்டேன்" என்றார் அம்மா. பெருமையாகத்தான் சொன்னார்.

எஸ்.ஐ. அப்பாவைப் பார்த்தார். "ஐயா, பீரோ பூட்டித்தான் இருக்கு. அதுல குறை சொல்லல. ஆனா லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு, சாவி அம்மாகிட்ட இருக்கு. நீங்க கட்டில்ல படுத்திருக்கும்போது அம்மா எடுத்துக் கொடுக்கிறாங்கன்னா, துப்பாக்கி இப்ப யாரு கைவசம்?"

யாருக்கும் பதில் வரவில்லை. எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் பீரோ சாவி வீட்டம்மாவிடம்தான். சேலை அதில், பத்திரம் அதில், செலவுக் காசு அதில். ஒரு நாளைக்குப் பத்து தடவை திறக்கும் பீரோ அது. அதில் துப்பாக்கியை வைத்தால் பத்து தடவையும் துப்பாக்கி இருக்கும் இடம் திறக்கிறது என்று முப்பத்தைந்து வருஷமாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் தோட்டாவை எண்ணினார். பதினொன்று இருந்தது. லைசென்ஸில் கடைக்காரர் போட்டிருந்த கடைசி வரவு 25. மீதி பதினாலு எங்கே போனது என்று கேட்டார். தோட்டத்தில் வெடித்ததுதான். ஆனால் எந்த நாள், எத்தனை என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. இருந்த பதினொன்றிலும் இரண்டின் பித்தளை அடிப்பாகத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

அந்தத் தோட்டாக்கள் கூடத்து டீப்பாய்மேல் வரிசையாக நின்றதைப் பார்த்தபோது எனக்குப் போன வருஷக் கோடை விடுமுறை ஞாபகம் வந்தது. அக்கா மகனுக்கு ஒன்பது வயது. பீரோ திறந்திருந்த சமயத்தில் சிவப்புத் தோட்டா ஒன்றை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்து, "தாத்தா, இது பேட்டரியா?" என்று கேட்டான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். வாங்கி உள்ளே வைத்ததோடு சரி. எஸ்.ஐ. முன்னால் அது நினைவு வந்ததும் எனக்குக் கை நடுங்கியது. அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

எஸ்.ஐ. மரியாதையாகவே பேசினார், பார்த்ததைத்தான் எழுதினார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. கோபம் எல்லாம் அதற்குப் பிறகு கலெக்டர் ஆபீஸில் நடந்ததன் மேல். வீட்டிலிருந்து 62 கிலோமீட்டர். முதல் தடவை போனபோது லைசென்ஸ் பிரிவு எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமலே "ரிப்போர்ட் வரல" என்றார். இரண்டு வாரம் கழித்துப் போனேன், அதே பதில். ஸ்டேஷனில் கேட்டால் அனுப்பி நாளாயிற்று என்கிறார்கள். மூன்றாவது தடவை அவர் லீவு. பக்கத்து மேஜையில் இருந்த பெண் ஊழியர் காகிதக் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ரிப்போர்ட் வந்து இருபத்திரண்டு நாளாச்சே தம்பி. பாதுகாப்பா வைக்கலன்னு குறிப்பு இருக்கு, சரிசெஞ்சு மறுபடி ரிப்போர்ட் வாங்கணும்" என்றார். இருபத்திரண்டு நாள்! முதல் நாளே அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலையை ஆரம்பித்திருப்பேன். நீங்கள் போனால் "வந்ததா, வரவில்லையா" என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்டேஷனில் எந்தத் தேதியில், எந்த எண்ணில் அனுப்பினார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு போய், அந்த எண்ணைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள்.

திரும்பும்போது அப்பா தோட்டா வாங்கும் கடைக்குப் போனேன். பாதுகாப்பு என்றால் உண்மையில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று உட்காரவைத்துச் சொன்னவர் அந்தக் கடைக்காரர்தான். துப்பாக்கிக்கென்றே தனிப் பூட்டு, அதன் சாவி லைசென்ஸ்தாரரிடம் மட்டும். துப்பாக்கி எப்போதும் காலியாக, முடிந்தால் கழற்றி. தோட்டா வேறு இடத்தில், வேறு பூட்டில். மனைவி, மகன், தோட்டக் காவலுக்கு இருப்பவர் யாராக இருந்தாலும் லைசென்ஸில் பேர் இல்லாதவர் வெளியாள்தான் என்றார். கேட்கும்போது சுருக்கென்றது.

ஊரில் வெல்டிங் பட்டறையில் சொல்லி இரும்புப்பெட்டி அடித்தோம். கழற்றினால் எங்கள் துப்பாக்கியின் குழல் 30 அங்குலம். அதனால் பெட்டி உயரம் 36 அங்குலம் வைத்தோம். இங்கேயும் ஒரு தப்பு. முதலில் சுவரில் மாட்டும் போல்ட்டை வெளிப்பக்கத்துப் பட்டையில் வைத்துவிட்டார் பட்டறைக்காரர். ஸ்பேனர் இருந்தால் யாரும் பெட்டியோடு கழற்றிப் போய்விடலாம். திரும்ப எடுத்துப் போய், பெட்டிக்கு உள்ளிருந்து சுவருக்குள் போகிற மாதிரி நாலு போல்ட் போட்டோம். தோட்டாவுக்குச் சின்னப் பெட்டி, அடுத்த அறையில். கான்வாஸ் உறையைத் தூக்கிப்போட்டோம். மழைக்காலத்தில் அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு குழலில் துரு ஏற்றியிருந்தது. இப்போது எண்ணெய் தடவி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைக்கிறார் அப்பா.

அம்மாவுக்குத்தான் கஷ்டமாகிவிட்டது. "இத்தன வருஷம் காபந்து பண்ணினேன், இப்ப என்ன நம்பலையா?" என்று இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்பாதான் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். "உன்ன நம்பாம இல்ல. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா போலீஸ் உங்கிட்ட கேக்கக் கூடாது, எங்கிட்டதான் கேக்கணும். அதுக்குத்தான்." அதற்குப் பிறகு அம்மா சமாதானமானார். வீட்டில் இந்த மாற்றம் செய்யப் போகிறவர்கள், பெட்டி வாங்கும் முன்பே வீட்டுக்காரம்மாவிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லாமல் செய்தது தப்பு.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில்தான் பெரிய ஆபத்து வந்தது. துப்பாக்கியில் உள்ள நம்பரைச் சரிபார்க்க வேண்டும், அதை ஸ்டேஷனுக்குக் கொண்டுவாருங்கள் என்று போன் வந்தது. அப்பாவால் கார் ஏறி இறங்க முடியாது. அவர் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார், நான் கழற்றிப் பையில் வைத்து லைசென்ஸோடு ஸ்டேஷனுக்குப் போனேன். உள்ளே போனதும் ஏட்டய்யா கேட்ட முதல் கேள்வி, "லைசென்ஸ்தாரர் எங்க?"

"வீட்ல இருக்காரு சார். முடியல."

"அப்ப நீங்க யாரு? லெட்டர் இருக்கா?"

இல்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 3வது பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம், எடுத்துச்செல்வதும் குற்றம். அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ரிப்பேருக்கோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ என்றால், லைசென்ஸ்தாரர் கூடவே இருந்தால், அல்லது அவர் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தால் இன்னொருவர் எடுத்துப் போகலாம். அரைப் பக்கத் தாள், அப்பாவின் கையெழுத்து, அவ்வளவுதான் தேவை. அது இல்லாமல் கேஸ் போடக்கூடிய சாமானோடு ஸ்டேஷனுக்குள்ளேயே நடந்து போயிருக்கிறேன். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அப்பா ஆட்டோவில், வாக்கரைப் பிடித்துக்கொண்டு, தையல் வலியோடு படியேறி வந்தார். அவர் வந்தபிறகுதான் நம்பர் பார்த்தார்கள். பத்து நிமிஷ வேலை. எச்சரித்து அனுப்பினார்கள், கேஸ் ஏதும் இல்லை. ஆனால் அந்தப் படியில் அப்பா நின்று மூச்சு வாங்கியது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. தயவுசெய்து அந்தக் கடிதத்தை எழுதி வாங்காமல் யாரும் அடுத்தவர் துப்பாக்கியைத் தொடாதீர்கள், சொந்த அப்பாவுடையதாக இருந்தாலும்.

இன்னொன்றும் பிற்பாடு தெரிந்தது. லைசென்ஸ்தாரர் ஆஸ்பத்திரியில் சேரும்போதோ வெளியூரில் பல மாதம் தங்கும்போதோ, துப்பாக்கியை லைசென்ஸ் உள்ள கடையில் காப்புக்குக் கொடுத்து ரசீது வாங்கலாம். மாத வாடகை இருக்கும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அதைச் செய்திருந்தால் இந்தக் கதையில் பாதி நடந்திருக்காது. மாற்றுச் சாவியையும் கேட்பார்கள். "வீட்ல எங்கயோ இருக்கு" என்ற பதில் செல்லாது. எங்களுடைய இரண்டு சாவியும் அப்பாவிடம்தான்.

இரண்டாவது தடவை எஸ்.ஐ. வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியிலேயே இருந்தார். அப்பா வாக்கரை ஊன்றி மெதுவாகப் போய், அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த சாவியை எடுத்து அவரே திறந்தார். பக்கத்து அறையில் தோட்டாப் பெட்டியையும் அவரே திறந்து, புது நோட்டைக் காட்டினார். தேதி, எத்தனை வெடி, எத்தனை பாக்கி என்று கட்டம் போட்டு வைத்திருக்கிறார். எஸ்.ஐ. நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இது போதும்யா" என்றார். அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் லைசென்ஸ் வந்தது.

கடைக்காரர் சொன்ன ஒரு விஷயத்தை இப்போது கையில் எடுத்திருக்கிறோம். லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ, எது முந்தியதோ அப்போது, தன் வாரிசுகளில் ஒருவர் பேரைச் சொல்லி அவருக்கு லைசென்ஸ் கேட்கலாம் என்று 2016 ஆயுத விதிகளில் இருக்கிறது. அப்பா என் பேரைச் சொல்லியிருக்கிறார். அதற்கு நான் முதலில் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்து எஸ்-1 என்ற சான்று வாங்க வேண்டும். அடுத்த மாதம் சேர்கிறேன். அதுவரை அந்த இரும்புப்பெட்டியின் சாவியை அப்பாவிடம் கேட்கப் போவதில்லை.