மிளகை விடச் சின்ன ஓட்டை

தீபாவளி லீவில் குடும்பத்தோடு ஏற்காடு போனபோது பகோடா பாயிண்டில் ஒரு குரூப் போட்டோ எடுத்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமரா, 50 மி.மீ. லென்ஸ். முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவும் சித்தியும் பளிச்சென்று விழுந்திருந்தார்கள். பின்னால் நின்ற அப்பாவும் சித்தப்பாவும் பனியில் கரைந்தது போல இருந்தார்கள். அன்றைக்குப் பனியே கிடையாது. "என்னை மட்டும் ஏன்டா கனவுல வர்ற மாதிரி எடுத்திருக்கே?" என்றார் அப்பா.

அந்தப் படத்தைத் தெருவில் இருக்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுப்பவர். பார்த்ததும் சிரித்தார். "எஃப் 1.8-லயே வச்சிருந்தியா தம்பி? ஞாயித்துக்கிழமை வா, மலைக்குப் போலாம்."

மார்கழிக் குளிர். அடிவாரம் தாண்டி, நம்பர் போட்ட இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பைக்கின் பின்னால் நடுங்கிக்கொண்டே போனேன். மேலே ஒரு காபித் தோட்டத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தினார். காபிப் பழம் சிவந்து கிடந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது.

அவர் முதலில் படமே எடுக்கவிடவில்லை. எஃப் 16, ஷட்டர் இரண்டு செகண்ட் என்று வைத்து, "லென்ஸுக்குள்ள பாரு" என்று சொல்லிவிட்டு அமுக்கினார். உள்ளே மெல்லிய கறுப்புத் தகடுகள் சட்டென்று கூடி, நடுவில் ஒரு பொட்டு ஓட்டையை மட்டும் விட்டன. இரண்டு செகண்டில் மறுபடி விரிந்துகொண்டன. அதுதான் அபர்ச்சர். அந்த ஓட்டை எவ்வளவு பெரிது என்று சொல்வதுதான் எஃப் எண்.

கணக்கு லேசானதுதான். லென்ஸின் குவியத் தூரமான 50 மி.மீ.-ஐ எஃப் எண்ணால் வகுத்தால் ஓட்டையின் விட்டம். 1.8 என்றால் சுமார் 28 மி.மீ., பத்து ரூபாய் நாணயத்தை விடத் துளி பெரிது. 16 என்றால் 3 மி.மீ. அண்ணன் கொடியிலிருந்து ஒரு மிளகைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். "இதை விடச் சின்னது." எண் ஏற ஏற ஓட்டை ஏன் சுருங்குகிறது என்று மாதக்கணக்கில் குழம்பியவன் நான். அந்த ஒரு மிளகில் தெளிந்துவிட்டது.

ஓட்டை பெரிதாக இருந்தால் வெளிச்சம் நிறைய வரும், ஆனால் தெளிவாக விழும் ஆழம் குறைந்துவிடும். மூன்று மீட்டர் தள்ளி நிற்பவரை என் கேமராவில் எஃப் 1.8-ல் எடுத்தால், முன்னும் பின்னுமாகச் சேர்த்தே ஏறக்குறைய ஒரு சாண் தூரம்தான் தெளிவாக இருக்கும். அப்பா அந்தச் சாணுக்கு வெளியே நின்றிருக்கிறார், அவ்வளவுதான். எஃப் 8 வைத்திருந்தால் ஒரு மீட்டருக்கு மேல் கிடைத்திருக்கும், இரண்டு வரிசையும் தப்பித்திருக்கும்.

சரி என்று எல்லாவற்றையும் எஃப் 8-ல் எடுக்கக் கிளம்பினேன். மர நிழலில் எல்லாம் ஆடிப்போய் வந்தன. 2, 2.8, 4, 5.6, 8 என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் வெளிச்சம் பாதியாகிறது. எஃப் 2-ல் 1/500 செகண்டில் முடிந்த வேலைக்கு எஃப் 8-ல் 1/30 செகண்ட் தேவை. குளிரில் நடுங்குகிற கைக்கு அது ஆகிற காரியமா? கேமராவின் வெளிச்ச உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, ஏற்றச் சொன்னார். அது வேறு கதை.

அப்புறம் ஒரு காபிக்கொத்தை அரை மீட்டர் தூரத்தில் வைத்து எஃப் 1.8-க்கே திரும்பினேன். இவ்வளவு கிட்டத்தில் தெளிவு ஒரு சென்டிமீட்டர் கூட இல்லை. நான் மூச்சு விட்டாலே ஃபோகஸ் அடுத்த பழத்துக்கு ஓடியது. பதினேழு படம் வீண். பதினெட்டாவதில் ஒரே ஒரு பழம், அதன் நுனியில் தொங்கிய பனித்துளியோடு, கச்சிதமாக விழுந்தது. பின்னால் தோட்டமே பச்சைக் குழம்பாகிவிட்டது.

ராத்திரி வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"பழம் சரி. பின்னால கலங்கலா நிக்கறது யாரு?"

"போட்டோ அண்ணன்ப்பா."

"பாவம், அவருக்கும் என் கதிதானா?"